பழைய சங்கீதம்: கேட்பதோடு நிற்கலாமா?

(நம் சங்கத்தின் பெங்களூரு அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய சங்கீதத்தைப் பற்றியும், அதற்காக நம் பேட்டைகளில் கச்சேரியும் பயிற்சி வகுப்பும் நடத்துவதைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் மேடையேறிப் பாடுகிறவன் இல்லை. கீழே உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிற கோஷ்டியைச் சேர்ந்தவன். இந்தக் கூடத்தில் பெரும்பாலானவர்கள் என் ஜாதிதான் என்பதால் தைரியமாகப் பேசுகிறேன்.

முதலில், பழைய சங்கீதம் என்றால் எது பழையது? இன்று ஒரு கச்சேரிக்குப் போனால் பெரும்பகுதி நேரம் நாம் கேட்பது மும்மூர்த்திகளின் கிருதிகளும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களின் கிருதிகளும். அதிகம் போனால் 250 வருஷம். அதற்கு முன்னால் நம்மவர்கள் வாயை மூடிக்கொண்டா இருந்தார்கள்? தஞ்சாவூரில் விஜயராகவ நாயக்கர் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டின் நடுவில், வேங்கடமகி 'சதுர்தண்டி ப்ரகாசிகை' எழுதினார். 72 மேளகர்த்தாவைச் சொன்ன நூல் என்று எல்லோருக்கும் தெரியும். தலைப்பில் இருக்கிற நான்கு தண்டிகள் என்னென்ன என்று கேட்டால், நாம் தலையைச் சொறிய வேண்டியதுதான். கீதம், ஆலாபம், டாயம், ப்ரபந்தம். அன்றைய சங்கீதம் என்கிற பந்தலைத் தாங்கிய நான்கு கால்கள் இவை. இன்று மேடையில் ஆலாபம் ஒன்றுதான் ஆலாபனையாகத் தெம்பாக நிற்கிறது. கீதம் குழந்தைகளின் பாலபாடமாகச் சுருங்கிவிட்டது. டாயமும் ப்ரபந்தமும் சுவடியிலும் புத்தகத்திலும் இருக்கின்றன.

ப்ரபந்தம் என்பது லேசுப்பட்ட உருப்படி அல்ல. ஸ்வரம், பிருதம், பதம், தேனகம், பாடம், தாளம் என்று ஆறு அங்கங்கள் அதற்கு. ஒரே பாட்டில் ஸ்வரம் வரும், ராஜாவின் விருதுப் பெயர் வரும், சாஹித்யம் வரும், மங்களகரமான 'தேன தேன' வரும், மத்தளச் சொற்கள் வரும். இன்றைய தில்லானாவில் ஜதியும் சாஹித்யமும் கலந்து வரும்போது, தாத்தாவின் ஜாடை பேரன் முகத்தில் தெரிவதுபோல் அது லேசாகத் தெரியும்.

இதோடு ஸூளாதி என்று ஒன்று. இது நாம் வந்து குடியேறிய இந்தக் கன்னட தேசத்தின் சொத்து. புரந்தரதாசரும் மற்ற ஹரிதாஸர்களும் பாடியது. ஒரு பாட்டுக்கு ஒரு தாளம் என்பது நம் பழக்கம். ஸூளாதியில் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு தாளத்தில் போகும். த்ருவம், மட்யம், ரூபகம், ஜம்பை, த்ரிபுடை, அட, ஏகம் என்று குழந்தைகளுக்கு அலங்காரம் சொல்லிக் கொடுக்கிறோமே, அந்த ஏழுக்கும் 'ஸூளாதி ஸப்த தாளம்' என்று ஏன் பெயர் வந்தது என்று யாராவது யோசித்ததுண்டா? பெயர் நம் வீட்டில் இருக்கிறது, பெயருக்கு உரியவர் வாசலில் நிற்கிறார்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். பெங்களூருவைப் போலப் பேட்டைக்குப் பேட்டை சங்கீதம் நடக்கிற ஊர்கள் அதிகம் இல்லை. 1898-ல் பிளேக் வந்து, ஜனங்களைக் காற்றோட்டமான இடத்தில் குடிவைக்க மல்லேஸ்வரமும் பசவனகுடியும் உருவாயின. வீடு வந்தது, கோயில் வந்தது, பின்னாலேயே பஜனையும் பாட்டும் வந்தன. பெங்களூரு காயன சமாஜம் 1905-ல் ஆரம்பித்தது. சாமராஜபேட்டையில் எஸ்.வி. நாராயணஸ்வாமி ராவ் 1939-ல் ஆரம்பித்த ஸ்ரீராம சேவா மண்டலி, கோட்டை உயர்நிலைப்பள்ளி மைதானத்துப் பந்தலில் ராமநவமிக் கச்சேரிகளை நடத்திப் பேரெடுத்தது. அரியக்குடி, செம்பை, எம்.எஸ். என்று பெரியவர்கள் எல்லாம் பாடிய பந்தல். பானகமும் நீர்மோரும் கோசம்பரியும் ஒரு பக்கம், பைரவி ஒரு பக்கம். ஆட்டோ ஓட்டுகிறவர் வேலியோரம் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு ராகம் கேட்டுவிட்டுப் போவது இந்த ஊரில் சகஜம்.

அப்படி இருக்க, தனியாகப் பயிற்சி வகுப்பு எதற்கு, வருகிற வித்வான்களையே இரண்டு ப்ரபந்தம் பாடச் சொன்னால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் ஒரு சபாவின் காரியதரிசியிடம் கேட்டுப் பார்த்தேன். "கூட்டம் எழுந்து காபிக்குப் போய்விடும் சார்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நாம் ஒரு கிருதியை ரசிப்பது அது நமக்கு முன்பே தெரியும் என்பதால். பல்லவி ஆரம்பித்ததும் பக்கத்து மாமி முணுமுணுக்கிறாள். சங்கதி வருமிடம் தெரிந்து கை தானாக எழுகிறது. தெரியாத வடிவத்தை இரண்டு நிமிஷம் மேடையில் காட்டினால் அது கண்காட்சிப் பொருளாகத்தான் தோன்றும். பழைய உருப்படிகளுக்கு முதலில் வேண்டியது தெரிந்த காதுகள். காது தெரிந்துகொள்ள ஒரே வழி, வாய் கொஞ்சம் பாடிப் பார்ப்பது.

பாடுகிற வாய் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு அன்னமாசார்யர் ஒருவரே போதும். 15-ஆம் நூற்றாண்டில் திருமலையில் வாழ்ந்தவர். அவருடைய ஸங்கீர்த்தனங்களைச் செப்பேட்டில் பொறித்து, மலை மேலேயே அறையில் வைத்தார்கள். செப்பு கெடவில்லை. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கிடைத்திருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ராகத்தின் பெயர் இருக்கிறது. மெட்டு மட்டும் இல்லை. 20-ஆம் நூற்றாண்டில் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற பெரியவர்கள் புதிதாக மெட்டமைத்துக் கொடுத்ததால்தான் நாம் அவற்றைப் பாடுகிறோம். ராள்ளபள்ளி மைசூரில் பாடம் சொல்லிக் கொடுத்து, 1979-ல் நம் பெங்களூருவில்தான் காலமானார். அவர் செய்த கைங்கர்யம் மகத்தானது. ஆனாலும் அன்னமாசார்யர் பாடிய மெட்டு போனது போனதுதான். செம்பில் எழுதியும் காப்பாற்ற முடியவில்லை. இடையில் சிஷ்ய பரம்பரை அறுந்துவிட்டது.

சிஷ்யர்கள் என்று சொன்னேன். புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலை இருக்கிறது. அங்கே பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுவது. ஏழு பகுதிகளாக ஸ்வரக் கோவைகளை வெட்டி வைத்திருக்கிறார்கள். முடிவில் ஒரு குறிப்பு. ருத்ராசார்யரின் சிஷ்யனான ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்கிறது அந்தக் குறிப்பு. தன் புகழுக்காக என்றோ வெற்றிக்காக என்றோ அங்கே இல்லை. நம்மிடம் இருக்கிற மிகப் பழைய இசை எழுத்துகளில் ஒன்று, இன்றைய பாஷையில் சொன்னால், பயிற்சி வகுப்பில் கொடுக்கிற பாடத்தாள். இந்தக் கல்வெட்டைப் பற்றி 1957-ல் நூல் எழுதியவர் மைசூர் டாக்டர் ரா. ஸத்யநாராயணா. ஸூளாதிகளைப் பற்றியும் எழுதி, சதுர்தண்டி ப்ரகாசிகையையும் பதிப்பித்து, 2020-ல் மறைந்தார். பக்கத்து ஊரில் இப்படி ஒருவர் வாழ்ந்திருக்கிறார். நம் வீட்டு அலமாரியில் அவர் புத்தகம் ஒன்றாவது இருக்கிறதா?

அடுத்த கதை எட்டயபுரம். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர், நம் சங்கீதத்துக்கு வயலினைக் கொண்டுவந்தவர். அவருடைய பெண் வயிற்றுப் பேரன், அவராலேயே தத்தெடுக்கப்பட்டவர், சுப்பராம தீக்ஷிதர். குடும்பத்து ஓலைகளும் பாடாந்தரமும் அவரிடம் இருந்தன. அவற்றை வெளியே விட வேண்டும் என்று விடாமல் கேட்டவர் சின்னஸ்வாமி முதலியார். சென்னையில் உத்தியோகம் பார்த்தவர், கிறிஸ்தவர். நம் பாட்டுகளை மேல்நாட்டு ஸ்வரக் குறிகளில் 1890-களில் கைக்காசைப் போட்டு அச்சிட்டவர். அவர் எட்டயபுரம் மகாராஜாவிடம் போய் விண்ணப்பித்து, மகாராஜா சொல்லி, 1904-ல் 'ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி' வெளியாயிற்று. ராகம் ராகமாக லக்ஷணம், கீதம், தானம், தீக்ஷிதர் கிருதிகள் இருநூற்றுக்கும் மேல், சுப்பராம தீக்ஷிதரே இயற்றிய ஸஞ்சாரி, எல்லாவற்றுக்கும் கமகக் குறிகள். தெலுங்கில் வந்ததை, 1961 முதல் சென்னை மியூசிக் அகாடமி தமிழில் பாகம் பாகமாகக் கொண்டுவந்தது. பழைய சங்கீதத்துக்குப் பாலம் போட்ட புத்தகம் அது. அந்தப் பாலம் எழுந்ததற்கு நம் அக்ரஹாரத்தைச் சேராத ஒருவருடைய பிடிவாதமும் காரணம் என்பதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சீமையிலும் இதே கதைதான். அங்கே ஒரு காலத்தில் 16, 17-ஆம் நூற்றாண்டுச் சங்கீதத்தை அதற்குரிய வாத்தியத்தில் வாசிப்பவர்கள் அபூர்வம். ஆர்னால்ட் டோல்மெட்ஷ் என்பவர் பழைய வாத்தியங்களைப் பழுதுபார்த்தார், புதிதாகச் செய்தார், 1915-ல் பழைய பாட்டை எப்படி வாசிக்க வேண்டும் என்று புத்தகம் எழுதினார். ரிக்கார்டர் என்று ஒரு மரக்குழல். அவரிடமிருந்த பழைய குழல் 1919-ல் லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் பையோடு தொலைந்துபோயிற்று. விடுவாரா மனுஷர், அளவு பார்த்துத் தாமே செய்ய ஆரம்பித்துவிட்டார். 1925-ல் தாம் குடியிருந்த ஹேஸில்மியர் என்கிற சின்ன ஊரில் பழைய சங்கீத விழா ஆரம்பித்தார். லண்டன் பெரிய அரங்குகளை நம்பி இருக்கவில்லை. குடும்பமே வாசித்தது, ஊரார் வந்து கேட்டார்கள், கற்றுக்கொண்டார்கள். பின்னால் அந்தக் குழல் உலகம் பூராவும் பள்ளிக் குழந்தைகளின் கைக்கு வந்தது. வெளிநாட்டில் பேரக்குழந்தைகள் இருக்கிறவர்கள் பார்த்திருப்பீர்கள், பள்ளிக்கூடப் பையில் ஒரு பிளாஸ்டிக் குழல் இருக்கும். அங்கே பழைய சங்கீதம் உயிர் பெற்றதில் வித்வான்களின் பங்கு பாதி, ஆர்வத்துக்காக வாசித்த அக்கம்பக்கத்து ஜனங்களின் பங்கு பாதி.

சரி, நாம் என்ன செய்யலாம்? நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். ஜயநகரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தள அறையில் எட்டு ஞாயிற்றுக்கிழமைகள், காலை இரண்டு மணி நேரம், ஒரு வகுப்பு நடத்தினோம். சொல்லிக் கொடுத்தவர் வீணை டீச்சர் ஒருவர். மேடைப் புகழ் கிடையாது, படிப்பும் பொறுமையும் உண்டு. வந்தவர்களில் ரிடயரான பாங்க் மானேஜர், கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்கள், ப்ளஸ் டூ படிக்கிற பையன், இரண்டு மாமிகள், கீழ் வீட்டுக் கன்னடப் பாட்டி எல்லோரும் உண்டு.

முதல் வாரம் தம்புரா மீட்டவும் சுருதி சேர்க்கவும் மட்டும். எலெக்ட்ரானிக் பெட்டி வேண்டாம் என்றுவிட்டார் டீச்சர். ஜீவா நூலை நகர்த்தி நகர்த்தி அந்த ரீங்காரம் வருவதற்குள் முக்கால் மணி போயிற்று. வந்ததும் அறையில் ஒருத்தர் பேசவில்லை. இரண்டாம் வாரம் மலஹரியில் பிள்ளாரி கீதம். "இது எல்.கே.ஜி. பாடமாச்சே" என்று பாங்க் மாமா சிரித்தார். "நீங்கள் மலஹரியை எந்தக் கச்சேரியிலாவது விஸ்தாரமாகக் கேட்டிருக்கிறீர்களா?" என்று டீச்சர் கேட்டார். பதில் இல்லை. எல்லோரும் முதலில் கற்று, எல்லோரும் முதலில் மறக்கிற ராகம். அதே கீதத்தை நிதானமாக, சரளிவரிசை மாதிரி அவசரப்படாமல் பாடினபோது, அதற்குள் ஒரு முழு ராகம் ஒளிந்திருப்பது தெரிந்தது.

அப்புறம் லக்ஷண கீதம். பாண்டீர பாஷை என்கிற பழைய பாஷையில் இருக்கும். இந்த ராகத்துக்கு இது கிரகம், இது வர்ஜம் என்று பாட்டே இலக்கணத்தைச் சொல்லிவிடும். ப்ளஸ் டூ பையனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "மாமா, இது யூசர் மானுவல்" என்றான்.

நாலாவது, ஐந்தாவது வாரங்கள் ஸூளாதிக்கு. அங்கேதான் நான் மறக்க முடியாத விஷயம் நடந்தது. கீழ் வீட்டுப் பாட்டி மாத்வர். கையில் பழுப்பேறின ஒரு கன்னடப் புத்தகத்தோடு வந்தார். விஜயதாஸரின் ஸூளாதிகள். தினம் விளக்கேற்றிவிட்டுப் பாராயணமாகச் சொல்கிறவர். "தாளமெல்லாம் எனக்குத் தெரியாது, வாசித்துக்கொண்டு போவேன், அவ்வளவுதான்" என்றார். புத்தகத்தை வாங்கிப் பார்த்த டீச்சர், ஒவ்வொரு பத்திக்கு மேலும் சின்ன எழுத்தில் இருந்ததைக் காட்டினார். த்ருவ தாளம், மட்ட தாளம், த்ரிவிடி தாளம், அட்ட தாளம், ஆதி தாளம், கடைசியில் ஜதெ. நாம் மட்யம் என்பது அங்கே மட்ட, த்ரிபுடை என்பது த்ரிவிடி. அம்பது வருஷமாகத் தலைப்பு என்று நினைத்துத் தாண்டிப் போன சொற்கள். டீச்சரிடம் தாளம் இருந்தது, அந்த சாஹித்யம் பாராயணத்தில் எப்படி ஓடும் என்பது தெரியாது. பாட்டியிடம் சாஹித்யம் நாக்கு நுனியில் இருந்தது, தாளம் இல்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருத்தர் சொல்ல ஒருத்தர் கை போட, த்ருவத்தின் பதினாலு அட்சரத்தில் வரிகள் மெள்ள மெள்ள உட்கார ஆரம்பித்தன. விஜயதாஸர் பாடினபடியே பாடிவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. அது ஒரு சுவடு. ஆனால் இரண்டு வீட்டில் தனித்தனியாகக் கிடந்த இரண்டு பாதிகள் ஓர் அறையில் ஒட்டின. எந்தச் சபாக் கச்சேரியில் இது நடக்கும்?

அடுத்த இரண்டு வாரங்கள் சுப்பராம தீக்ஷிதரின் புத்தகத்தில் ஒரு பக்கம், ஒரு ஸஞ்சாரி. கமகக் குறி ஒன்றைப் பார்த்து, வீணையில் தந்தியை எப்படி இழுக்க வேண்டும் என்று டீச்சர் காட்ட, நாங்கள் தொண்டையில் முயன்றோம். எட்டாவது ஞாயிறு கச்சேரி. ஒரு மணி நேரம். பாட்டு, வீணை, தம்புரா. மைக் கிடையாது. சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் வாசித்தபோது, ரசிகர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள் என்று படித்திருக்கிறோம். அந்தச் சங்கீதம் அந்த அளவு அறைக்காகவே அமைந்தது. எங்கள் அறையில் நாற்பது பேருக்கு மேல் உட்கார முடியாது. கீதமும் ஸூளாதியும் வந்தபோது ஒருவரும் காபிக்கு எழுந்து போகவில்லை. கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு ஆன செலவு, ஒரு பிரபல வித்வான் கச்சேரிக்கு நாம் செய்கிற செலவில் பாதிகூட இல்லை.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். இந்த யோசனையைப் போன மாதம் நம் கமிட்டியில் சொன்னபோது ஒரு அன்பர் கேட்டார்: "நல்ல காரியம்தான், ஆனால் சங்கப் பணம். வகுப்பு நம் குழந்தைகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாமே?" அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். நம் குழந்தைகளே நம் சங்கீதத்தை விட்டுப் போகிறார்கள் என்கிற கவலை அவருக்கு. அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனாலும் என் பதிலைப் பகிரங்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

'நம் சங்கீதம்' என்கிறோம். அது நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தது? ப்ரதர்சினி வெளிவரப் பாடுபட்டவர் யார் என்று சொன்னேன். தனம்மாள் எந்தக் குலம்? க்ஷேத்ரக்ஞரின் பதங்களை, ஒரு சங்கதி சிதறாமல், தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிக் கொடுத்தது தேவதாசிக் குடும்பங்கள். நம் ஊர்ப் பெயரையே தாங்கிய பெங்களூர் நாகரத்னம்மா, நஞ்சன்கூட்டில் பிறந்தவர். திருவையாற்றில் தியாகராஜ ஸ்வாமிகளின் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்தது என்று தெரிந்து, 1920-களில் தம் சொத்தைச் செலவழித்து அங்கே கோயில் எழுப்பினார். அந்த ஆராதனையில் அப்போது பெண்கள் பாட முடியாது. கோயில் கட்டினவருக்கே பாட இடமில்லை. அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை. பெண்கள் கோஷ்டி ஒன்றைச் சேர்த்துத் தனியாகப் பாடிக் கடைசியில் கதவைத் திறக்க வைத்தார். ராக ஆலாபனையை மணிக்கணக்கில் விரித்து வைத்துக் காத்தவர்கள் நாகஸ்வரக்காரர்கள். எங்கள் அறையில் ஸூளாதிக்கு சாஹித்யம் கொண்டுவந்தவர் கன்னடப் பாட்டி. 'நமக்கு மட்டும்' என்று அன்றைக்கு வாசலில் போர்டு மாட்டியிருந்தால், எங்களுக்கு ஸூளாதியின் பாதிதான் கிடைத்திருக்கும்.

ராகத்திலும் இந்தக் கதை உண்டு. வேங்கடமகி கல்யாணியைத் துருக்கர்களுக்குப் பிரியமான ராகம் என்று குறிப்பிட்டு, அதற்குப் பெரிய இடம் கொடுக்கவில்லை. அவர் எவ்வளவு பெரிய மகான்! ஆனால் சங்கீதம் அவர் போட்ட கோட்டோடு நிற்கவில்லை. இன்று கல்யாணி இல்லாத கல்யாணம் உண்டா, கச்சேரி உண்டா? வெளியே நின்றதை உள்ளே விட்டதால்தான் நமக்கு அந்த ராகம் கிடைத்தது.

குழந்தைகளைப் பற்றிய கவலைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நம் வீட்டுப் பெண் தன் கன்னட சிநேகிதியோடும், மலையாளி சிநேகிதனோடும் சேர்ந்து வர முடிந்தால் வருவாள். "உனக்கு மட்டும்" என்றால் அவளும் வரமாட்டாள்.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் என் விண்ணப்பம் நான்கு. முதலாவது, வருஷத்தில் நாம் நடத்துகிற பெரிய கச்சேரிகளில் ஒன்றைக் குறைத்து, அந்தப் பணத்தில் இரண்டு பேட்டைகளில் எட்டு வாரப் பயிற்சி வகுப்பு நடத்த வேண்டும். இரண்டாவது, வகுப்பு யார் வந்தாலும் திறந்திருக்க வேண்டும். பாட்டுத் தாள்களைத் தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்று லிபியிலும் கொடுக்க வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் சின்ன அறையில், மைக் இல்லாமல், ஒரு மணி நேரக் கச்சேரி. பாடுகிறவருக்கு மரியாதையான சன்மானம் கொடுக்க வேண்டும். இவர்கள் பிரபலம் இல்லை, பழைய பாடாந்தரம் வைத்திருக்கிறவர்கள். தேங்காய் மூடியோடு அனுப்பக் கூடாது. நான்காவது, வகுப்பில் பாடுவதை எல்லாம் ஒலிப்பதிவு செய்து, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், யாரிடம் கற்ற பாடம் என்று எழுதி வைக்க வேண்டும். அன்னமாசார்யருக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக்கூடாது.

இந்த இதழை மும்பை மாட்டுங்காவிலும், தில்லியிலும், ஹைதராபாத்திலும், கடல் தாண்டியும் படிக்கப்போகிற அங்கத்தினர்களுக்கும் ஒரு வார்த்தை. இதற்குப் பெரிய சபா வேண்டாம். ஒரு தம்புரா, ப்ரதர்சினியின் ஒரு பாகம், சொல்லித்தரத் தெரிந்த ஒருவர், வாய் திறக்கத் தயாராக இருக்கிற ஏழெட்டுப் பேர் போதும். உங்கள் கீழ் வீட்டிலும் ஒரு பழுப்பேறின புத்தகம் இருக்கலாம். கதவைத் தட்டிக் கேளுங்கள்.

அன்பர் கேட்ட கேள்வியைக் கமிட்டி அடுத்த கூட்டத்தில் தீர்மானிக்கப் போகிறது. வாக்களிக்கும்போது குடுமியான்மலைப் பாறையில் இருக்கிற குறிப்பைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மாணவர்களின் நன்மைக்காக என்று வெட்டியிருக்கிறது. எந்த மாணவர்கள் என்று அந்த அரசன் பிரித்துச் சொல்லவில்லை.